எக்ஸ்ரேக்கா வாங்கிய கேமரா

அந்த ஊரில் பாதிப் பேருடைய கடைவாய்ப் பல் அக்காவுக்கு அத்துப்படி. பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. தெருவில் யாராவது நின்று நலம் விசாரித்தால் ஆள் யாரென்று சட்டென்று பிடிபடாது. அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டால் போதும், "அட, ஞானப்பல் படுத்துக்கிட்டு முளைச்சுதே, நீங்கதானே!" என்று கண்டுபிடித்துவிடுவாள். பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரேக்கா.

அவளுக்கு ஒரே தம்பி. லிஃப்ட் மெக்கானிக். குடும்பத்தில் யார் எதை வாங்கப் போனாலும் அவன்தான் முன்னால் நடப்பான். ஃப்ரிட்ஜ் என்றால் மோட்டாரில் காதை வைத்துக் கேட்பான், கட்டில் என்றால் அடியில் படுத்து ஆணி பார்ப்பான். பேரம் பேச ஆரம்பித்தால் கடைக்காரர் தண்ணீர் கேட்கும் வரை விடமாட்டான். ஒருமுறை அவனைக் கேட்காமல் மிக்ஸி வாங்கிவிட்ட மாமா, அக்காவின் வீட்டுக்காரர், அதன் மூடி உடைந்த பிறகு கொஞ்ச நாள் அவன் கண்ணில் படாமலே நடமாடினார்.

அதனால் அக்கா போன் செய்து "ஒரு கேமரா வாங்கணும்டா" என்றபோது தம்பிக்கு உற்சாகம் தலைக்கேறியது.

"எந்த மாதிரி? எத்தனை மெகாபிக்சல்?"

"அதெல்லாம் கிடையாது. ஃபிலிம் கேமரா. பெரிசு. தலைமேல துணியப் போத்திக்கிட்டுப் பாப்பாங்களே, அது."

தம்பி போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, "உடம்புக்கு ஒண்ணும் இல்லையேக்கா?" என்று கேட்டான்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. தாடை முழுவதையும் பக்கவாட்டில் படம் பிடிக்கப் பயன்படும் பெரிய ஃபிலிம் தாள்கள், பிரிக்காத பெட்டிகளாக அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தன. தேதி தாண்டியவை. தூக்கிப் போடச் சொன்ன பெரிய டாக்டரிடம், "நான் எடுத்துக்கட்டுமா சார்?" என்று அக்கா கேட்டாள். "தாராளமா" என்றார் அவர். அந்தத் தாள் ஒன்றை நாலாக வெட்டினால், நாலு அங்குலத்துக்கு ஐந்து அங்குலம் ஃபிலிம் போடுகிற பெரிய கேமராவுக்கு அச்சாகப் பொருந்தும் என்று அவள் விசாரித்து வைத்திருந்தாள். ஃபிலிம் கழுவுவது அவளுக்குக் காய் நறுக்குவது போல.

"டயர் சும்மா கிடைச்சுதுன்னு கார் வாங்கக் கிளம்பற கதையால்ல இருக்கு?"

"அப்படியே வச்சுக்கோ" என்றாள் அக்கா. பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தவள் போல நிறுத்திச் சொன்னாள். "போன தடவை ட்ரெயினிங்குக்குப் போனப்ப அங்க போட்டோ கண்காட்சியில ஒரு படம் பாத்தேன்டா. ஒரு சுவர் முழுக்க ஒரே படம். ரோடு போடற ஆளுங்க வரிசையா நிக்கறாங்க. கிட்டப் போனா, நகத்துல தார் ஒட்டிட்டிருக்கறது தெரியுது. ஓரமா நிக்கறவரோட முன்பல்லு மூளி. இவ்ளோண்டு. அதுகூடத் தெரியுது. வாட்ச்மேன் வந்து பூட்டணும்னு சொல்ற வரைக்கும் நின்னேன். அது இந்த மாதிரி கேமராவுல எடுத்ததாம்."

அக்கா எதற்காகவும் அப்படி நின்றதாகத் தம்பிக்கு நினைவில்லை. புடவைக் கடையில்கூட முதலில் கை வைத்ததை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள்.

"சனிக்கிழமை வண்டிய எடுத்துட்டு வரேன்" என்றான்.

பணம், புது வாஷிங் மெஷினுக்காக ஒதுக்கி வைத்தது. பழைய மெஷின் ஆட்டம் போட்டு அறையைச் சுற்றி வந்தாலும் இன்னும் துவைத்துக்கொண்டுதான் இருந்தது. மாமா மறுப்புச் சொல்லவில்லை. "எங்க வைப்பே?" என்று மட்டும் கேட்டார். "நீங்க பழைய பேப்பர் அடுக்கி வச்சிருக்கீங்களே, அங்க" என்றாள் அக்கா. அதற்குமேல் அவர் ஏன் வாயைத் திறக்கிறார்?

சனிக்கிழமைக்குள் தம்பி வீடியோ வீடியோவாகப் பார்த்து மண்டையை நிரப்பிக்கொண்டு வந்தான். வண்டி ஓட்டியபடியே அருவி மாதிரி கொட்டினான். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "மொத்தப் பணத்தையும் கேமராவுக்கே கொடுத்துட்டா லென்ஸு? ஃபிலிம் சொருகற ஹோல்டர்? நிறுத்தறதுக்கு ஸ்டாண்டு? எல்லாம் சேர்ந்து இந்தக் காசுக்குள்ள அடங்கணும். அடங்கலேன்னா எவ்வளவு நல்ல கேமராவா இருந்தாலும் எனக்கு இல்ல" என்றாள். வீடியோக்காரர்கள் யாரும் அதை அவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை என்று தம்பிக்குப் பட்டது.

முதலில் போனது பழம்பொருள் கடை. கண்ணாடி அலமாரிக்குள் இருந்த கேமராவைப் பார்த்ததும் தம்பி சொக்கிப்போனான். சிவந்த மரம், பித்தளை மூலைகள், நடுவில் மடிப்பு மடிப்பாக மெரூன் நிறத் தோல் துருத்தி. முன்பக்கத்தை இழுத்தால் துருத்தி விரிந்து, கேமரா நீண்டுகொண்டே வந்தது.

"அக்கா, இதான். இதுக்கு மேல பாக்கவே வேணாம்."

அக்கா பித்தளையை விரலால் தடவிப் பார்த்தாள். முகத்தில் ஆசை தெரிந்தது. அப்புறம் கைப்பையிலிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்தாள். "லைட்ட ஒரு நிமிஷம் அணைக்கறீங்களா?" என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, டார்ச்சைத் துருத்திக்குள் விட்டு எரியவிட்டாள். மடிப்புகளின் ஓரமெல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம் கசிந்தது. ஒரு வானமே அதற்குள் இருந்தது.

"ஒட்டிக்கலாம்" என்றான் தம்பி.

"ஒட்டலாம்தான். ஆனா பின்னாடி பாரு. இது பழைய கண்ணாடித் தகடு போடற அளவு. என் ஃபிலிம் இதுல நிக்காது." கேமராவை அவளே மடித்து, குழந்தையைத் தொட்டிலில் விடுவது போல அலமாரியில் வைத்தாள். "ரொம்ப அழகா இருக்குங்க. கூடத்துல வைக்கறவங்களுக்குக் கொடுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னாள். தம்பி மட்டும் வாசல்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

அடுத்தது, மரச்சாமான் கம்பெனிகளுக்கு விளம்பரப் படம் எடுக்கும் ஒரு ஸ்டுடியோ. அவர்களுக்கு வேண்டாமல்போன கேமரா மூன்றாவது மாடியில் கிடந்தது. ஓர் இரும்புத் தண்டின்மேல் முன்னும் பின்னும் இரண்டு சட்டங்கள், நடுவே துருத்தி. அவ்வளவுதான். முன்சட்டத்தை உயர்த்தலாம், தாழ்த்தலாம், சாய்க்கலாம், திருப்பலாம். டார்ச்சை விட்டுப் பார்த்தபோது ஒரு பொட்டு வெளிச்சம்கூடக் கசியவில்லை. லென்ஸும் நல்ல லென்ஸ். விலை கேட்டபோது தம்பிக்குப் பேரம் பேசவே மனம் வரவில்லை, அவ்வளவு மலிவு.

கேமராவை அதன் பெட்டியில் வைத்து மூடச் சொன்னாள் அக்கா. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். "நான் தூக்கறேன்கா" என்று பின்னாலேயே ஓடிய தம்பியைக் கையமர்த்தினாள். தெருவரை போய், மறுபடி மேலே ஏறி வந்து பெட்டியை இறக்கி வைத்தாள். மூச்சு வாங்கியது. உள்ளங்கை சிவந்திருந்தது. ஸ்டுடியோக்காரர் ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"நல்ல கேமரா. குறையே சொல்ல முடியாது. ஆனா எனக்கு வேணாம்" என்றாள்.

வண்டியில் ஏறியதும் தம்பிக்குப் பொறுக்கவில்லை. "கனமா இருந்தா என்ன? போற இடத்துக்கெல்லாம் நான் தூக்கிட்டு வர மாட்டேனா?"

"வருவே. கூப்பிட்டா வேலையப் போட்டுட்டு வருவே, அது தெரியும். அதான் வேணாங்கறேன்." அக்கா உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டாள். "ஒரு இடத்துல வெளிச்சம் நல்லா விழுதுன்னு வச்சுக்கோ. உனக்கு போன் போட்டு, நீ கிளம்பி வர்றதுக்குள்ள அது போயிடும்டா. எனக்குத் தோணினப்ப நானே தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கணும்."

தம்பிக்குச் சுருக்கென்றது. கோபமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். கோபம் இல்லை. இருபது வருஷமாக லிஃப்ட்டுக்கு எடை கணக்குப் பார்க்கிறவன் அவன். அந்தப் பெட்டியை ஒருமுறைகூடத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லையே என்றுதான் இருந்தது.

மூன்றாவது கேமரா ஒரு பேக்கரியில் இருந்தது. பேக்கரிக்காரர் காலை உடைத்துக்கொண்டு கட்டுப் போட்டுப் படுத்திருந்த காலத்தில், பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டிச் சேர்த்த கேமரா. ப்ளைவுட் உடம்பு, கறுப்புத் துணித் துருத்தி, பிளாஸ்டிக் திருகுகள். அலமாரியிலிருந்து அவர் அதை எடுத்து வைத்தபோது தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடக் கண்காட்சியில் வைக்கிற சாமான் மாதிரி இருந்தது. லென்ஸ் மட்டும் உலோகத்தில் பளிச்சென்று, கந்தல் சட்டையில் தைத்த வெள்ளிப் பொத்தான் போல இருந்தது.

"ஏன் விக்கறீங்க?" என்று அக்கா கேட்டாள்.

பேக்கரிக்காரர் கையிலிருந்த மாவை ஏப்ரனில் துடைத்தார். "காலையில நல்ல வெளிச்சம் வர்ற நேரத்துலதான் எனக்கு ரொட்டி வெளிய வருது. ரெண்டுல ஒண்ணத்தான் பாக்க முடியும். ரொட்டி சோறு போடுது."

அக்கா கேமராவைக் கையில் வாங்கினாள். ஒரு கையாலேயே தூக்க முடிந்தது. டார்ச் சோதனையில் துருத்தி தேறியது. ஸ்டாண்டில் ஏற்றி, லென்ஸை அறைப்பக்கம் திருப்பி, கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு குனிந்தாள். அப்புறம் சத்தமே இல்லை. பேக்கரிக்காரர் தம்பியைப் பார்த்தார். தம்பி பேக்கரிக்காரரைப் பார்த்தான். வெகுநேரம் கழித்துத் துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"டேய், இங்க வா. வந்து பாரு."

தம்பி உள்ளே தலையை நுழைத்தான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. குளியலறை ஜன்னலுக்குப் போடுவது போல ஒரு மங்கல் கண்ணாடி, அவ்வளவுதான். கண் பழகியதும் இன்னும் கிட்டக் குனிந்தான். அந்தக் கண்ணாடியில் அறை முழுவதும் தலைகீழாகத் தொங்கியது. ரொட்டித் தட்டுகள், ஜன்னல், ஜன்னலிலிருந்து சாய்ந்து விழுந்த வெளிச்சம், அதில் மிதக்கும் மாவுத்தூசி. மாவு பிசைகிற பெண் ஒருத்தி கூரையில் நடந்து போனாள். எல்லாம் அப்போதுதான் தண்ணீரில் அலசி எடுத்தது போல ஈரமாக, நிறமாக, அசைந்துகொண்டிருந்தது. இதே அறையில்தானே இவ்வளவு நேரம் நின்றோம் என்றிருந்தது அவனுக்கு. விரலை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தான்.

"உள்ளயே தூங்கிட்டாரா?" என்று பேக்கரிக்காரர் கேட்கும் வரை அவன் வெளியே வரவில்லை.

வந்ததும் மெக்கானிக் புத்தி விழித்துக்கொண்டது. லென்ஸ் வைத்த முன்சட்டம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்ல மெல்லக் கீழே நழுவிக்கொண்டிருந்தது. அக்காவை ஓரமாக இழுத்தான். "திருகு புடிக்கல. இதச் சொல்லியே பாதி விலைக்கு அடிச்சுடலாம்."

"சரி பண்ண முடியுமா, அதச் சொல்லு."

"ரப்பர் வாஷர் ஒண்ணு போட்டா அசையாது."

"அப்ப அது குறை இல்ல. கொஞ்சம் வேலை பாக்கி, அவ்வளவுதான்" என்றாள் அக்கா. பேக்கரிக்காரரிடம் திரும்பினாள். "ரெண்டு படம் எடுத்துப் பாத்துட்டுச் சொல்லட்டுமா? ஃபிலிம் கொண்டு வந்திருக்கேன்."

வெளிச்சம் புகாத ஒரு கறுப்புப் பையை விரித்து, வெட்டி எடுத்து வந்த ஃபிலிமையும் பேக்கரிக்காரரின் இரண்டு ஹோல்டர்களையும் உள்ளே போட்டு மூடினாள். பையின் இரு கைகளுக்குள் தன் கைகளை முழங்கைவரை விட்டுக்கொண்டாள். கண் எங்கோ சுவரைப் பார்த்தது. பைக்குள் விரல்கள் மட்டும் நடமாடின. தூரத்தில் யாரோ பாடுவதைக் கேட்கிறவள் போல இருந்தது அவள் முகம். அவள் வேலை செய்வதைத் தம்பி இதற்குமுன் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷத்தில் பல்வலி வந்தபோதெல்லாம் அவன் வேறு ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கிறான், அக்கா திட்டுவாள் என்று பயந்து.

"எது முன்பக்கம்னு இருட்டுல எப்படித் தெரியுது?"

"இதுக்கு ரெண்டு பக்கமும் மருந்து பூசியிருக்கு. எப்படிப் போட்டாலும் சரிதான்." அவள் சிரித்தாள். "ஆனா கீறல் பட்டா போச்சு."

பேக்கரிக்காரரை ஜன்னலோரம், ரொட்டித் தட்டுகளுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தாள். முன்சட்டம் நழுவாமல் தம்பி விரலால் தாங்கிக்கொண்டான். ஷட்டரை மூடி, ஹோல்டரைச் சொருகி, அதன் மறைப்புத் தகட்டை உருவிவிட்டு, ஆஸ்பத்திரிக் குரலில் ஆரம்பித்தாள். "தலைய ஆட்டாதீங்க. நேராப் பாருங்க. மூச்சப் புடிச்சுக்கோங்க..."

பேக்கரிக்காரர் வாயை அகலமாகத் திறந்தார்.

"இது அந்தப் படம் இல்லீங்க. வாயை மூடிக்கோங்க."

"பழக்க தோஷம்" என்றார் அவர் வெட்கத்துடன். "போன வருஷம் நீங்கதான் எனக்கு எடுத்தீங்க." மாவு பிசைந்துகொண்டிருந்த பெண் சிரித்த சிரிப்பில் மாவு பறந்தது. அடங்க நேரமாயிற்று. அதற்குப் பிறகு அக்கா ஒரு ஹோல்டருக்கு ஒன்றாக, இரண்டு படம் எடுத்தாள்.

திங்கட்கிழமை மாலை, ஆஸ்பத்திரியின் பழைய இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு அக்கா ஃபிலிமைக் கழுவினாள். தம்பி மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். திரவத்துக்குள் கிடந்த தாளில் முதலில் ஜன்னல் வந்தது, கறுப்பாக. அப்புறம் ரொட்டித் தட்டுகள், அப்புறம் மனிதர். எல்லாம் நிறம் மாறி, மாவு கரியாகவும் அடுப்பு வெள்ளையாகவும் இருந்தது. லென்ஸ் எப்படிப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அவருடைய புருவ முடியை எண்ணலாம்.

இரண்டாவது தாளில் ஒரு மூலையிலிருந்து கரும்பட்டை ஒன்று பாய்ந்திருந்தது.

"போச்சு. துருத்தில எங்கியோ ஓட்டை" என்றான் தம்பி.

அக்கா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள். "ஒரே கேமரா, ஒரே இடம். ஒண்ணு சுத்தமா இருக்கு. பட்டை எங்கேருந்து வருது பாரு. தகடு உருவற வாய்லேருந்து. இது ஹோல்டரோட தப்பு. கேமரா மேல பழி போடாத."

எக்ஸ்ரேயில் ஒரு நிழலைப் பார்த்துவிட்டு, இது பல்லா, எலும்பா, ஃபிலிமில் விழுந்த கறையா என்று அவள் தினம் தினம் பார்த்துப் பிரிக்கிற வேலைதான் அது.

மறுநாள் பேக்கரிக்காரரிடம் அவள் ஒளிக்காமல் சொன்னாள்: கேமரா நன்றாக இருக்கிறது, லென்ஸ் மிக நன்றாக இருக்கிறது, ஒரு ஹோல்டரில் மட்டும் வெளிச்சம் ஒழுகுகிறது. அவர் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தாள். தம்பிக்கு மனம் ஒப்பவில்லை. விலை நியாயமானது, லென்ஸும் ஸ்டாண்டும் சேர்ந்தது, ஃபிலிம் கழுவுகிற மருந்து வாங்கவும் மிச்சம் இருந்தது, எல்லாம் சரிதான். இருந்தாலும் ஒரு சம்பிரதாயத்துக்காவது பேசியிருக்கலாம். பேக்கரிக்காரர் ஒழுகுகிற ஹோல்டரைச் சும்மாவே கொடுத்ததோடு, ஒரு பெட்டி நிறைய பிஸ்கட்டும் கட்டிக் கொடுத்தார். பிஸ்கட்டைப் பார்த்த பிறகுதான் தம்பிக்கு மனம் ஆறியது.

வாஷரை அவனே போட்டான். இரண்டு இடத்தில் பிளாஸ்டிக் திருகை எடுத்துவிட்டு, பித்தளையில் கடைந்து மாட்டினான். "இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டான்.

பேக்கரிக்காரரின் படம் பிரேம் போட்டுக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஏறியது. ரொட்டி வாங்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, பாக்கிச் சில்லறையை மறந்து நின்றார்களாம். அக்கா அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. விடுமுறை நாளில் அவள் வீட்டில் இருப்பதில்லை என்று மாமாதான் சொன்னார். "பழைய பேப்பரும் போச்சு, பொண்டாட்டியும் போச்சு" என்று அவர் சொன்னபோது குரலில் பெருமைதான் இருந்தது.

சில மாதம் கழித்து, காய்கறி மொத்த மார்க்கெட்டில் சரக்கு லிஃப்ட் நின்றுவிட்டதென்று காலையில் தம்பிக்கு அழைப்பு வந்தது. கருவிப் பையை மாட்டிக்கொண்டு உள்ளே போனவன் நடுவழியில் நின்றுவிட்டான். எந்த நேரமும் காது கிழியும் மார்க்கெட். அன்றைக்கு அதன் ஒரு பகுதி மட்டும் அமைதியாக இருந்தது. கூரைக் கண்ணாடி வழியாக வெயில் சரிந்து விழும் இடத்தில் மூட்டை தூக்கும் ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருவர் தோளில் மூட்டை அப்படியே இருந்தது. தள்ளுவண்டிக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். யாரும் அவர்களை நிற்கச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

எல்லோருக்கும் எதிரே அந்த ப்ளைவுட் கேமரா. அதன் பின்னால் கறுப்புத் துணி, துணிக்குக் கீழே அக்காவின் ஆஸ்பத்திரிச் செருப்பு.

துணியை விலக்கிக்கொண்டு அவள் எழுந்தாள். தலைமுடி கலைந்திருந்தது. கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கையை உயர்த்தினாள். அவ்வளவு பெரிய ஆட்கள் ஒரு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஷட்டரின் சின்னச் சத்தம், ஒரு இடைவெளி, மறுபடி சத்தம். "அவ்ளோதான். ரொம்ப நன்றிங்க" என்றாள். மார்க்கெட் மறுபடி இரைய ஆரம்பித்தது.

கூப்பிடலாம் என்று வாயெடுத்தான் தம்பி. அதற்குள் அவள் மூட்டைக்காரரிடம் போய் ஏதோ கேட்டு, அவர் சொன்னதற்குத் தலையாட்டி, அடுத்த ஹோல்டரை எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் கூப்பிடவில்லை.

பக்கத்தில் நின்ற வெங்காயக்காரர் முழங்கையால் இடித்தார். "யாருங்க இவங்க? சினிமாக்காரங்களா?"

"இல்லீங்க. பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்கறவங்க" என்றான் தம்பி. "எங்க அக்கா."

வெங்காயக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நன்றாகப் பார்க்கட்டும் என்று கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டார். லிஃப்ட் பழுது பார்க்க வந்தவனை மேலாளர் வந்து தேடிப் பிடிக்கும் வரை தம்பி அங்கேயே நின்றான்.